தோட்டம், வற்றல், நாய்கள்: நோட்டில் விட்டுப்போன ஒரு பத்தி

வீட்டில் நாய் இருந்தால் காய்கறித் தோட்டம் தேறாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. விதைத்த இடத்தைத் தோண்டும், நாற்றை மிதிக்கும், செடியில் காலைத் தூக்கும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நாலு சென்ட் தோட்டத்தையும் நாய்களையும் சில வருஷமாக ஒன்றாக வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. நாய் தோட்டத்துக்குச் செய்கிற சேதம் மறுநாள் காலையிலேயே கண்ணில் படும், சரியும் செய்துவிடலாம். தோட்டமும் அடுப்படியும் நாய்க்குச் செய்கிற சேதம் ஒரு நாள், மூணு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த இடைவெளியில் காரணம் தொலைந்துபோகும். அதற்குள் நாம் யாரையாவது குற்றவாளி ஆக்கியிருப்போம். நான் ஆக்கினேன். அதையும் இதில் எழுதுகிறேன்.

ஊர், மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் பக்கம். கரிசல் மண். மழை பெய்தால் காலில் ஒட்டும், வெயிலடித்தால் வெடிக்கும். 2018-ல் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பாத்தி போட ஆரம்பித்தேன். கத்தரி, வெண்டை, கொத்தவரை, மிளகாய், தக்காளி, வேலியோரம் பாகலும் அவரையும், மூலையில் ஒரு சுண்டைச் செடி. பெரிய விவசாயம் ஒன்றும் இல்லை. ஆனால் என்ன விதைத்தேன், எப்போது உரம் வைத்தேன், எத்தனை கிலோ பறித்தேன் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். பழக்கதோஷம். அந்த நோட்டுதான் பின்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அப்போது இருந்த நாய் கருப்பன். அது போன பிறகு செவலை வந்தது, அடுத்த வருஷம் மணி. எல்லாமே தெருவில் பிறந்த நாட்டு நாய்கள்.

தோண்டுவதும் மிதிப்பதும்

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். நாய் ஏன் பாத்தியைத் தோண்டுகிறது? வெயில் காலத்தில் தண்ணீர் பாய்ச்சிய பாத்திதான் வீட்டைச் சுற்றி இருப்பதிலேயே குளிர்ந்த இடம். அரை அடி தோண்டிப் படுத்தால் வயிறு குளிரும். இன்னொரு காரணம் மணம். தொழு உரமோ மீன் கழிவோ புண்ணாக்கோ புதைத்தால், நமக்கு வராத வாடை அதற்கு வரும்.

திட்டிப் பார்த்தேன், இலந்தை முள் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். முள் செவலையின் பாதத்தில் ஏறி ஒரு வாரம் நொண்டியதுதான் மிச்சம். பிறகு வேப்ப மர நிழலில் நாலுக்கு நாலு அடியில் ஒரு பள்ளம் வெட்டி, ஆற்று மணலைக் கொட்டி, தினமும் மத்தியானம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நாலு நாளில் இரண்டும் அங்கே குடிபெயர்ந்துவிட்டன. பாத்தியை விடக் குளிர்ச்சியான இடம் ஒன்று கிடைத்தால் அதுகளுக்குப் பாத்தி எதற்கு?

விதை போட்ட பாத்திக்கு மட்டும் கோழி வலையைத் தரையோடு தரையாக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுவேன். முளை வலைக் கண் வழியாக மேலே வரும். நாய்க்கு அந்தக் கம்பி காலில் படுவது பிடிக்காது. செடி நாலு இலை விட்டதும் வலையைச் சுருட்டி அடுத்த பாத்திக்குக் கொண்டு போகலாம்.

மிதிப்பதைப் பற்றி ஒரு விஷயம். நாய்க்கென்று ஒரு வழி உண்டு. வேலியை ஒட்டி ஒரே தடத்தில்தான் ஓடும். அந்தத் தடத்தில் நாம் நட்டால் செடி போகும். நான் முதல் வருஷம் வேலியடியில் நட்ட அவரை முழுக்கப் போனது. அடுத்த வருஷம் வேலிக்கும் பாத்திக்கும் இடையில் இரண்டடி விட்டேன், பிரச்சினை முடிந்தது. பதிலுக்கு அவை செய்கிற வேலையும் உண்டு. பெருச்சாளி வளை பறிப்பது நின்றது. மயில் கூட்டம் வந்து நாற்றைக் கொத்துவது எங்கள் ஊரில் பெரிய தொல்லை. இங்கே இரண்டு குரைப்பு போதும், பறந்துவிடும்.

மூத்திரமும் மலமும்

நாய் மூத்திரம் பட்ட செடி கருகுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் இருப்பது முக்கியமாக யூரியாவும் உப்புகளும். யூரியா என்றால் உரம்தானே, பிறகு ஏன் கருகுகிறது? அளவுதான் காரணம். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அவ்வளவும் விழுந்தால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போய்விடும். மூட்டை யூரியாவை ஒரு கைப்பிடி செடி மூட்டில் போட்டால் என்ன ஆகுமோ அதேதான். பார்த்த உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும். நாய் எப்போதும் நட்டுக்குத்தலாக நிற்கும் ஒன்றைத்தான் தேடும். பாத்தியை விட்டுத் தள்ளி ஒரு கல்தூணோ மரக்கட்டையோ நட்டு வைத்தால் பெரும்பாலும் அங்கேதான் போகும். கீரைப் பாத்தியை மட்டும் மூங்கில் தட்டி வைத்து முழுசாக அடைத்திருக்கிறேன், அதில் சமரசம் இல்லை.

மலம் அப்படியல்ல. "மாட்டுச் சாணியை உரமாகப் போடுகிறோம், நாயுடையதை ஏன் போடக்கூடாது?" என்று கேட்பவர்கள் உண்டு. மாடு புல் தின்பது, நாய் இறைச்சியும் தின்பது. ஆனால் முக்கியமான காரணம் உருண்டைப் புழு. டாக்ஸோகாரா என்று பெயர். குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடும். பெண் புழு ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அது மலத்தோடு வெளியே வரும். அந்த முட்டைக்குக் கனத்த ஓடு. மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கழுவாத கீரையோடும் மண் படிந்த விரலோடும் மனிதர் வயிற்றுக்குப் போனால் அதன் இளம்புழுக்கள் ஈரல், நுரையீரல், சில சமயம் கண் வரைக்கும் போகும். மண்ணில் விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு உண்மை இருக்கிறது. புதிதாக விழுந்த முட்டை உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து பக்குவப்பட இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். அதனால் தினமும் காலையில் அள்ளிவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். வீட்டு மக்குக் குழியில் போடக்கூடாது, அந்தச் சூடு இந்த முட்டையைக் கொல்லப் போதாது. காய்கறி நடாத ஒரு மூலையில், கிணற்றுக்கும் எட்டத்தில், ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கிறோம். குட்டிக்கும் பெரிய நாய்க்கும் கால்நடை மருத்துவர் சொன்ன இடைவெளியில் பூச்சி மருந்து. கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி மாதிரி மண்ணோடு ஒட்டி வருவதைப் பல தண்ணீரில் அலசுவது. இவ்வளவுதான்.

ஆமணக்குப் புண்ணாக்கு

2019 ஜூலை கடைசியில் கருப்பன் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றைப் பிடித்துவிட்டது. கோழிக்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். "இன்னொரு தடவ உங்க நாய் இந்தப் பக்கம் வந்துச்சு, சோத்துல மருந்த வச்சுருவேன்" என்றார். கோழிக்குப் பணம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டு போனார்.

ஆடி அமாவாசை அன்றைக்குக் காலையிலிருந்து கருப்பன் வாந்தி எடுத்தது. மத்தியானம் இரத்தமாகப் பேதி. யாரோ சொன்னார்கள் என்று உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றினோம். மறுநாள் விடிவதற்குள் செத்துப்போனது. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "சொன்னபடி செஞ்சுட்டான் பாவி." எனக்கும் சந்தேகம் எதுவும் வரவில்லை. வேப்ப மரத்தடியில் புதைத்தோம். அதற்குப் பிறகு கோழிக்காரர் வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

2021 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம், செவலைக்கு அதே மாதிரி வந்தது. வாந்தி, அடுத்த நாள் இரத்தப் பேதி. இந்தத் தடவை எதுவும் ஊற்றாமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். போகிற வழியெல்லாம் நான் கோழிக்காரரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரிடமும் "பக்கத்து வீட்ல விஷம் வச்சுட்டாங்க டாக்டர்" என்றுதான் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வீட்ல தோட்டம் இருக்கா? செடிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு ஏதும் வச்சீங்களா?"

வைத்திருந்தேன். முந்தாநாள் சாயங்காலம். உரக்கடையில் ஆமணக்குப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் எலும்புத் தூளும் கலந்து ஒரு கலவையாகக் கொடுப்பார்கள். அதைத்தான் கத்தரிப் பாத்திக்கு வைத்து லேசாக மண் மூடியிருந்தேன்.

செவலை நாலு நாள் சொட்டு மருந்தில் கிடந்தது. பிழைத்தது. இரண்டாம் நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2019-ஆம் வருஷம், என் கையெழுத்து: "ஜூலை 29. கத்தரி, மிளகாய்ப் பாத்திக்குப் புண்ணாக்குக் கலவை 5 கிலோ." அந்த வருஷம் ஆடி அமாவாசை ஜூலை 31. நோட்டில் அடுத்த பதிவு ஆகஸ்ட் 9-ல், வெண்டை பறித்த கணக்கு. நடுவில் நாய் செத்தது பற்றி ஒரு வரிகூட இல்லை. அது தோட்டக் கணக்கு நோட்டுதானே, நாய்க்கு அதில் இடமில்லை என்று நினைத்திருக்கிறேன்.

கருப்பன் எதனால் செத்தது என்று இனிமேல் யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் தேதிகளைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமில்லை.

ஆமணக்கு விதையில் ரிசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் புரதம் தயாரிக்கும் பட்டறை மாதிரி ரைபோசோம்கள் இருக்கின்றன. ரிசின் உள்ளே போய் அந்தப் பட்டறையை உடைத்துவிடும். செல் உடனே சாகாது. இருக்கிற சரக்கு தீரும்வரை ஓடும், பிறகுதான் நிற்கும். அதனால்தான் தின்றவுடன் எதுவும் தெரிவதில்லை. சில மணி நேரத்திலும் வரலாம், ஓரிரு நாள் தள்ளியும் வரலாம். முதலில் அடிபடுவது குடல். இதற்கென்று முறி மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்து, குடலைக் காப்பாற்றி, நாயின் உடம்பு தானாக மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

"விளக்கெண்ணெயைக் குழந்தைக்கே கொடுத்திருக்கிறோமே, அது மட்டும் எப்படி?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. ரிசின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. விதையை ஆட்டும்போது எண்ணெய் ஒரு பக்கம் போகும், விஷம் சக்கையிலேயே தங்கிவிடும். அந்தச் சக்கைதான் புண்ணாக்கு. நன்றாக வேகவைத்தால் ரிசின் கெட்டுப்போகும். ஆனால் கடையில் வாங்கும் புண்ணாக்கு எவ்வளவு சூடு பட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? முழு விதையை நாய் கடிக்காமல் விழுங்கினால் அதன் கெட்டி ஓடு ஓரளவு காப்பாற்றும். புண்ணாக்கில் அந்தப் பாதுகாப்பும் இல்லை, ஏற்கெனவே அரைபட்டது. அதோடு எலும்புத் தூளைக் கலந்தால் நாய்க்கு நாமே விருந்து வைத்த கணக்கு.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஆமணக்குப் புண்ணாக்கு வீட்டுக்குள் வருவதே இல்லை. அதில் தழைச்சத்து சுமார் 4 சதவீதம். வேப்பம் புண்ணாக்கில் 5 சதவீதம். உரமாகப் பார்த்தால் நமக்கு நஷ்டமில்லை, கசப்புக்கு எங்கள் நாய்கள் முகர்ந்துவிட்டு விலகிவிடுகின்றன. கடலைப் புண்ணாக்கில் சத்து இன்னும் அதிகம், 7 சதவீதம். ஆனால் அது நாய்க்கு ருசி. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்லாடாக்ஸின் வரும், அது ஈரலைத் தின்னும். அதனால் மூடி போட்ட வாளியில் ஊறவைத்துக் கரைசலாக மட்டும்தான் ஊற்றுகிறேன். மக்குக் குழிக்கும் மூடி உண்டு. பூஞ்சணம் பிடித்த பழைய சோறும் ரொட்டியும் தின்று நாய்க்கு வெட்டு வருவது நடக்கிற விஷயம்.

எலி மருந்து அறவே வைப்பதில்லை. கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும் ஜிங்க் பாஸ்பைடு வயிற்றில் அமிலம் பட்டதும் விஷ வாயுவாக மாறும். அதைத் தின்ற நாய்க்குப் பாவம் என்று சோறு போட்டால் அமிலம் இன்னும் கூடும், வாயுவும் கூடும். எதைத் தின்றிருந்தாலும் வீட்டில் வைத்தியம் வேண்டாம், தின்றதில் மிச்சம் இருந்தால் ஒரு கவரில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். கருப்பனுக்கு நாங்கள் ஊற்றிய உப்புத் தண்ணீரும் தப்பு. அது ஏன் என்று அடுத்து வருகிறது.

மொட்டை மாடி

தோட்டத்தில் காய் வந்தால் ஒரே சமயத்தில் வரும். மாசி, பங்குனியில் கொத்தவரையும் கத்தரியும் மிளகாயும் தின்ன ஆளில்லாமல் காய்க்கும். அப்போது அம்மா மாடிக்கு ஏறுவாள். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு வேண்டிய வத்தல் அந்த இரண்டு மாசத்தில்தான் தயாராகும்.

வற்றல் போடுவது என்றால் காயிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது, வேறொன்றுமில்லை. கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ காய் காய்ந்தால் நூறு கிராம்கூடத் தேறாது. தண்ணீர் போனால் கிருமி வளர வழியில்லை. பாக்டீரியா வளர நிறைய ஈரம் வேண்டும், பூஞ்சைக்குக் கொஞ்சம் ஈரமே போதும். அதனால்தான் அரைகுறையாகக் காய்ந்த வற்றல் அழுகுவதில்லை, பூஞ்சணம் பிடிக்கிறது. உப்பு மிச்சமிருக்கும் ஈரத்தையும் கட்டிப்போடும். இந்த இரண்டும் சேர்ந்துதான் டப்பாவில் ஒரு வருஷம் நிற்கிறது.

கொத்தவரைக்குக் காம்பும் நுனியும் கிள்ளி, உப்புப் போட்ட கொதிநீரில் அரை வேக்காடு. பச்சை நிறம் லேசாக மாறும்போதே வடிகட்டிவிட வேண்டும், குழைந்தால் காயும்போது நாராகிவிடும். கொதிக்க வைப்பது ருசிக்காக மட்டுமில்லை. காயில் இருக்கும் நொதிகள் சூட்டில் செயலிழக்கும், அப்படிச் செய்யாவிட்டால் காய்ந்த பிறகும் நிறமும் மணமும் மாறிக்கொண்டே இருக்கும். கத்தரிக்கு நீளவாக்கில் வகிர்ந்து, உப்பும் மஞ்சளும் சேர்த்த கொதியில் ஒரு வேகம். சுண்டைக்காயைத் தட்டி, விதையை அலசி, புளித்த மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைப்பது. மோர் மிளகாய்க்குப் பிஞ்சு மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ராத்திரி ஊறல், பகலில் காய்ச்சல். சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுவது. மோர் தீரும்வரை இப்படி நாலு நாள்.

காய்ந்ததா என்று பார்க்க அம்மாவின் கணக்கு காதுதான். ஒடித்தால் "சடக்" என்று கேட்க வேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில். வெயிலிலிருந்து எடுத்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்கக்கூடாது. மூடியின் உள்பக்கம் வேர்க்கும், அந்த வேர்வையிலேயே பூஞ்சணம் வரும். முறத்தில் ஆறவிட்டுத்தான் அடைப்போம்.

இதில் நாய் எங்கே வருகிறது? தண்ணீரை மட்டும்தானே எடுக்கிறோம், மற்றதெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது, அதுவும் சுருங்கிக் கெட்டியாக. ருசி மட்டுமில்லை, நாய்க்கு ஆகாததும் அப்படித்தான்.

முதலில் வெங்காய வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம் எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைப்பது. மாடி முழுக்க மணக்கும். வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்து உடைத்துவிடும். சமைத்தாலும் காயவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனால் ஆபத்து என்று கால்நடை மருத்துவத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். செவலை 16 கிலோ. அதற்கு 80 கிராம் பச்சை வெங்காயம். பச்சை வெங்காயத்தை 80 கிராம் எந்த நாயும் உட்கார்ந்து தின்னாது. ஆனால் அதே வெங்காயம் காய்ந்தால் பத்துப் பன்னிரண்டு கிராம்தான். வடக உருண்டை நாலைந்தை விழுங்குவது அதற்கு ஒரு நிமிஷ வேலை. இங்கேயும் பாதிப்பு அன்றைக்கே தெரியாது. மூணு நாள், நாலு நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அப்போது யாருக்கு வடகம் ஞாபகம் வரும்?

அடுத்தது உப்பு. ஒரு கிலோ எடைக்கு 2 கிராம் உப்பு போனாலே நாய்க்குத் தொந்தரவு தொடங்கலாம், 4 கிராம் உயிரை எடுக்கும் அளவு. செவலைக்கு 32 கிராம் என்றால் இரண்டு மேசைக்கரண்டிக்குள். மோர் மிளகாய் ஊறும் சட்டியும், ஊறுகாய்க்கு உப்பில் ஊறும் மாங்காயும், வற்றல் வடித்த உப்புத் தண்ணீரும் எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. மோர் வாடைக்கு நக்கும். உப்பு ஏறினால் மூளை வரைக்கும் பாதித்து வெட்டு வரும். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றுவது எவ்வளவு தப்பு என்று இப்போது புரிந்திருக்கும்.

திராட்சையும் உலர் திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதையும் மாடியில் காயவைப்பவர்கள் கவனிக்க வேண்டும். தக்காளிச் செடியின் இலையும் பச்சைக் காயும் நல்லதல்ல, பழுத்த பழம் ஒன்றிரண்டு பரவாயில்லை. மணி விரும்பித் தின்பது வெள்ளரிக்காயும் வேகவைத்த பூசணியும். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் கொடுத்தால் ஒரு தொல்லையும் இல்லை.

மாடியில் எங்கள் ஏற்பாடு சாதாரணமானது. படியின் கீழே இடுப்பளவு உயரத்தில் ஒரு தகரக் கதவு. வற்றல் தரையில் விரிப்பதில்லை, பழைய கட்டில் சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி அதன்மேல் துணி. கீழேயும் காற்று போவதால் ஒரு நாள் முன்னதாகவே காய்கிறது, நாய் முடியும் பறந்து வந்து ஒட்டுவதில்லை. மேலே இன்னொரு கொசுவலை, ஈக்கும் காக்காவுக்கும். வடகம் போடும் மூணு நாள் மட்டும் யாராவது ஒருவர் மாடியில் இருப்போம். முன்னெல்லாம் குச்சியோடு பாட்டி உட்கார்ந்திருப்பாளே, அதே காவல்தான்.

நோட்டில் ஒரு பத்தி

செவலை வீடு திரும்பிய வாரம் அம்மாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். தோட்டமே வேண்டாம் என்றாள் அவள். "ஒரு கிலோ கத்திரிக்கா கடைல வாங்க முடியாதா? வாயில்லாச் சீவன் போகணுமா அதுக்கு?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை. கத்தரிக்காய்க்காக ஒரு நாயைக் கொன்றிருக்கிறேன், இன்னொன்றைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தை விடாமல் இருப்பதற்கு ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். மண்ணிலோ மாடியிலோ புதிதாக எதை வைத்தாலும், வைப்பதற்கு முன்னால், இதை நாய் தின்றால் என்ன ஆகும் என்று தேடித் தெரிந்துகொள்வது. தெரியாவிட்டால் வைப்பதில்லை.

நோட்டிலும் ஒரு பத்தி கூடியது. தேதி, வேலை, உரம், மழை, மகசூல், கடைசியில் "நாய்". சாப்பிட்டதா, வாந்தி உண்டா, எங்கே தோண்டியது என்று ஒரு வார்த்தை போதும். பெரும்பாலான நாள் "சரி" என்றுதான் இருக்கும். ஆனால் என்றைக்காவது சரியில்லாமல் போனால் மூணு நாள் முன்னால் என்ன நடந்தது என்று விரல் வைத்துப் பார்க்க முடியும். நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை இது ஒன்றுதான், நோட்டு இல்லாவிட்டால் காலண்டரில் எழுதுங்கள்.

அந்த வருஷம் சித்திரையில் கொத்தவரை வத்தல் ஒரு டப்பா, மோர் மிளகாய் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் கோழிக்காரர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார வைத்தார்கள். நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். தேதியைக் காட்டி, "அண்ணே, நாங்க உங்களத்தான் நெனச்சுட்டு இருந்தோம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. தெருவே அப்படித்தான் பேசுச்சு. வாயால சொன்னது நாந்தானே, எங்க போய் இல்லன்னு சொல்றது" என்றார்.

டப்பாக்களை அவர் வீட்டம்மா உள்ளே எடுத்துக்கொண்டு போனார். கிளம்பும்போது அவர் ஒன்று மட்டும் கேட்டார், அவர் வீட்டு முருங்கைக்கும் அதே கலவையைத்தான் வைத்திருக்கிறாராம், கோழிக்கு ஏதும் ஆகுமா என்று. ரிசின் கோழிக்கும் ஆகாதுதான். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேருமாக மண்வெட்டி எடுத்து முருங்கை மூட்டைக் கிளறி, அந்தப் புண்ணாக்கை அள்ளி, ஆழக் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல்லை வைத்தோம். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே அதுவும் இருக்கிறது.